மலைமேல் வெள்ளை ரொட்டி: மணியை விட்டு மாவைப் பாருங்கள்

வீட்டில் ரொட்டி சுடுவதற்கான குறிப்பு எதை எடுத்தாலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும்: மாவைப் பிசைந்து மூடி வையுங்கள், ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகிவிடும். கிள்ளானிலோ பினாங்கிலோ இருப்பவருக்கு அது சரிதான். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்மில், மழை பிடித்த ஒரு காலையில், ஒரு மணி நேரம் கழித்துத் துணியை விலக்கினால் மாவு வைத்தது வைத்தபடி கிடக்கும். ஈஸ்ட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மாவைக் கொட்டிவிடத்தான் தோன்றும்.

கொட்டாதீர்கள். அந்த மாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். கேமரன் மலையில் ரொட்டி சுடுகிறவர் முதலில் பழக வேண்டியது இதைத்தான். கடிகாரம் சொல்வதை விட்டுவிட்டு மாவு சொல்வதைக் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று படிப்படியாகப் பார்ப்போம். ஊட்டி (2,240 மீட்டர்), நுவரெலியா (1,868 மீட்டர்) போன்ற மலையூர்களில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

மலையில் அப்படி என்னதான் மாறுகிறது?

இரண்டு விஷயங்கள். ஒன்று குளிர், மற்றொன்று காற்றின் அழுத்தம்.

கியா பார்ம் 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பகலில் 22, 23 டிகிரி செல்சியஸ் இருந்தாலே வெயில் நல்ல வெயில் என்போம். இரவில் 16, 17-க்கு இறங்கிவிடும். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட், குளிரில் மெதுவாகத்தான் வேலை செய்யும். 30 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை, 18 டிகிரியில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் பிடிக்கும். இட்லி மாவை அரைத்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் பொங்காமல் ஏமாந்த வீடு இங்கே எல்லாத் தெருவிலும் உண்டு. அதே கதைதான்.

அழுத்தம் இதற்கு நேரெதிராக வேலை செய்கிறது. கடலோரத்தைவிட இங்கே காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. மேலே அழுத்துவது குறைந்தால், மாவுக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள் எளிதாகப் பெரிதாகும். அதனால் மலையில் மாவு முதலில் அசையாது, கிளம்பிவிட்டால் நிற்காது. கவனிக்காமல் விட்டால் அளவுக்கு மீறி உப்பி, சுடும்போது நடுவில் அமுங்கிவிடும்.

வெளிநாட்டு மலைக்குறிப்புகளை அப்படியே பின்பற்றலாமா?

பாதிதான் பின்பற்றலாம். மலையில் சுடுவது பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் டென்வர் போன்ற ஊர்களுக்கு எழுதப்பட்டவை. டென்வரின் உயரம் 1,609 மீட்டர், கிட்டத்தட்ட நம் உயரம்தான். ஆனால் அது வறண்ட ஊர். அங்கே மாவு காய்ந்து கிடக்கும், ஆகவே தண்ணீரைக் கூட்டு என்பார்கள்.

நம் மலையில் பிற்பகல் மழையும் மூடுபனியும் வாடிக்கை. திறந்து வைத்த மாவுப் பொட்டலமே ஈரம் வாங்கிவிடும். எனவே தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்ட வேண்டாம். குறிப்பில் சொன்ன தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பிசையும்போது தேவைப்பட்டால் மட்டும் ஊற்றுங்கள்.

எந்த மாவு வாங்குவது?

கடையில் ‘தெப்பூங் ரொத்தி’ என்றோ ‘ஹை புரோட்டீன்’ என்றோ அச்சிட்ட பொட்டலத்தை எடுங்கள். பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராம் அளவில் இருந்தால் நல்லது. அந்தப் புரதம்தான் தண்ணீரோடு சேர்ந்து பசையம் (மாவை ரப்பர்போல இழுபட வைக்கும் வலை, குளூட்டன்) ஆகிறது. வாயு வெளியே போகாமல் பிடித்து வைப்பது அந்த வலைதான்.

வீட்டில் இருப்பது அரசு மானிய விலையில் கிடைக்கும் 1 கிலோ சாதாரணக் கோதுமை மாவு, அதாவது தமிழ்நாட்டில் மைதா என்பது, மட்டும்தானா? அதிலும் சுடலாம். தண்ணீரை 20 மில்லிலிட்டர் குறைத்துக்கொள்ளுங்கள். ரொட்டி சற்றுக் குட்டையாக வரும், ருசிக்குக் குறைவிருக்காது. ‘செல்ஃப் ரைசிங்’ மாவு மட்டும் வேண்டாம். அதில் கேக்குக்கான பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்திருக்கிறது.

ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பூஞ்சை. மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் கொஞ்சம் சாராயத்தையும் வெளியிடுகிறது. வாயு மாவை உப்ப வைக்கிறது, சாராயம் சூட்டில் ஆவியாகிப் போய்விடுகிறது.

சந்தேகம் இருந்தால் கால் கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு தேக்கரண்டி ஈஸ்ட்டும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நுரை கட்டினால் உயிர் இருக்கிறது. தண்ணீரில் விரலை விட்டால் சுடக் கூடாது. 55, 60 டிகிரிச் சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். குளிருக்குப் பயந்து கொதிநீரை ஊற்றுவதுதான் மலையில் அதிகம் நடக்கும் தவறு.

பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத புட்டியில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் கெடாது.

என்னென்ன, எவ்வளவு?

ஒரு ரொட்டிக்கு இவை போதும்:

- ரொட்டி மாவு 500 கிராம்
- வெதுவெதுப்பான தண்ணீர் 310 மில்லிலிட்டர் (பாதி பாலாகவும் இருக்கலாம்)
- உடனடி ஈஸ்ட் 5 கிராம், ஒன்றரைத் தேக்கரண்டி
- உப்பு 9 கிராம், ஒன்றரைத் தேக்கரண்டி
- சீனி 25 கிராம், இரண்டு மேசைக்கரண்டி
- வெண்ணெய் அல்லது மார்ஜரின் 30 கிராம், இரண்டு மேசைக்கரண்டி

சுமார் 23 சென்டிமீட்டர் நீளமும் 13 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ரொட்டி டின் இதற்குச் சரி. உப்பைக் குறைக்கலாமா என்று கேட்பீர்கள். சிறிது குறைக்கலாம், அடியோடு விட வேண்டாம். உப்பு ருசிக்கு மட்டும் போடுவதல்ல, ஈஸ்ட்டின் வேகத்தையும் அது கட்டுப்படுத்துகிறது. கிளம்பினால் நிற்காத மலை மாவுக்கு அந்தக் கடிவாளம் தேவை.

எவ்வளவு நேரம் பிசைவது?

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கலந்து, உலர்ந்த மாவு தெரியாதபடி திரட்டி, இருபது நிமிடம் மூடி வையுங்கள். அந்த இருபது நிமிடத்தில் மாவு தண்ணீரைக் குடித்துத் தானே பாதி இழுபடத் தொடங்கிவிடும். உங்கள் கைக்கு வேலை மிச்சம்.

பிறகு வெண்ணெய் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். முதலில் கையெல்லாம் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மாவைத் தூவிக்கொண்டே போகாதீர்கள், ரொட்டி கல்லாகிவிடும். உள்ளங்கையால் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடி தள்ளுங்கள்.

போதுமா என்று பார்க்க, நெல்லிக்காய் அளவு மாவைப் பிய்த்து இரு கை விரல்களாலும் மெல்ல விரியுங்கள். கிழியாமல், மறுபக்கம் விரல் நிழலாடும் அளவுக்கு மெல்லிதாக விரிந்தால் போதும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம்.

எங்கே வைத்து உப்ப வைப்பது?

எங்கள் வீட்டில் பாட்டி ரொட்டி மாவை ஈயம் பூசிய ஒரு பெரிய சட்டியில் போட்டு, ஈரத் துணியால் மூடி, அதன்மேல் தாத்தாவின் பழைய கம்பளிச் சட்டையைச் சுற்றி விறகடுப்பின் பக்கத்துத் திண்ணையில் வைப்பார். சட்டையின் இரண்டு கைகளையும் சட்டியின் கழுத்தில் இழுத்து முடிச்சுப் போட்டிருக்கும். பிள்ளைகள் போய்த் துணியைத் தூக்கினால், “டேய், குளிர் ஏறும்டா, மூடு” என்று வெளியிலிருந்தே சத்தம் வரும். எங்கள் சமையலறையில் கடிகாரமே கிடையாது. மாவை விரலால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்வார்.

விறகடுப்பு இல்லாத இன்றைய வீட்டுக்கு இரண்டு வழிகள். ஒன்று, பற்ற வைக்காத ஓவனுக்குள் மாவுச் சட்டியையும் ஒரு கிண்ணம் வெந்நீரையும் வைத்துக் கதவை மூடுவது. இன்னொன்று, சந்தைக்குக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டியைச் சூட்டுப் பெட்டியாக்குவது. அதற்குள்ளும் ஒரு கிண்ணம் வெந்நீர் போதும்.

ஆனால் அவசரம் இல்லையென்றால் சூடே தேவையில்லை. குளிரில் மெதுவாக உப்பிய மாவுக்கு ருசி அதிகம். நேரம் எடுத்து நொதிக்கும்போது (ஈஸ்ட் மெல்ல வேலை செய்யும்போது) மணமும் லேசான புளிப்பும் ஊறும். கோலாலம்பூரில் இருப்பவர் இதற்காக மாவைக் குளிர்பெட்டியில் வைக்கிறார். நமக்கு மலையே குளிர்பெட்டி.

காலையில் வேலைக்குப் போகிறவர் என்ன செய்வது?

இரவு வேலையைக் குளிரிடம் விட்டுவிடுங்கள். ஈஸ்ட்டை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து, தண்ணீரைச் சாதாரணக் குளிர் நீராகவே ஊற்றி, இரவு பத்து மணிவாக்கில் பிசைந்து மூடி சமையல் மேடையில் வையுங்கள். 17, 18 டிகிரியில் காலை ஆறேழு மணிக்கு மாவு இரு மடங்காகி நிற்கும். காலையில் டின்னில் போட்டு இன்னொரு முறை உப்ப விட்டுச் சுட வேண்டியதுதான். சனி ஞாயிறு கடையில் நிற்கிறவர்களுக்கும், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய்ப் பழகிய பெரியவர்கள் விடியுமுன் எழுந்துவிடும் வீடுகளுக்கும் இது தோதான முறை.

உப்பியது போதும் என்று எப்படி முடிவு செய்வது?

ஒரு விரலில் உலர்ந்த மாவைத் தொட்டுக்கொண்டு, உப்பிய மாவில் ஒரு கணு ஆழம் அழுத்தி எடுங்கள். குழி உடனே எழும்பி மறைந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெல்ல எழும்பி, ஒரு சிறு பள்ளம் தங்கினால் சரியான பதம். குழி அசையாமல் அப்படியே இருந்து, சுற்றிலும் மாவு தளர்ந்தால் பதம் தாண்டிவிட்டது.

தாண்டிவிட்டால்? பதறாதீர்கள். மாவை அமுக்கி வாயுவை வெளியேற்றி, மறுபடி உருட்டி வையுங்கள். இரண்டாவது தடவை சீக்கிரம் உப்பும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

டின்னில் போடுவது எப்படி?

உப்பிய மாவை மேடையில் கொட்டி, கையால் தட்டி, டின்னின் நீளத்துக்குச் செவ்வகமாக்குங்கள். மேலிருந்து பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, ஓரத்தைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் அடியில் போகும்படி எண்ணெய் தடவிய டின்னில் வையுங்கள். மாவு டின்னில் பாதிக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்.

தாழ்நிலத்துக் குறிப்புகள், மாவு டின்னின் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் மேலே எழும் வரை பொறுக்கச் சொல்லும். மலையில் அவ்வளவு பொறுக்க வேண்டாம். விளிம்பைத் தொட்டதும் ஓவனுக்குள் வையுங்கள். மிச்சம் சூட்டில் எழும்பிக்கொள்ளும். இந்த இரண்டாம் உப்பலுக்கு 20 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கூடக் குறைய ஆகும்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

ஓவனை முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். உள்ளே வைத்ததும் 190-க்குக் குறைத்து 30 முதல் 35 நிமிடம். இருபதாவது நிமிடத்தில் மேல் தோல் கருக்கத் தொடங்கினால் அலுமினியத் தாளை மேலே போர்த்திவிடுங்கள். முதல் இருபது நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது.

வெந்துவிட்டதா என்று பார்க்க, ரொட்டியை டின்னிலிருந்து எடுத்து அடியில் விரல் கணுவால் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று உள்ளே வெறுமையான ஓசை வந்தால் வெந்துவிட்டது. வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: குறிப்புகள் சொல்லும் 96, 98 டிகிரியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீரே சுமார் 95 டிகிரியில் கொதித்துவிடுகிறது. ஈரமான ரொட்டியின் நடுப்பகுதி அதைத் தாண்டிச் சூடாகாது. 90 முதல் 92 வந்ததும் எடுத்துவிடுங்கள். 98 வரட்டும் என்று காத்திருந்தால் ரொட்டி வறட்டியாகிவிடும்.

எடுத்த ரொட்டியைக் கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். சூடாக வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

வீட்டில் ஓவன் இல்லையே?

அடி கனத்த அலுமினியப் பானையும் மூடியும் இருந்தால் போதும். பானைக்குள் ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். வளையத்தின்மேல் ரொட்டி டின்னை வைத்து, மூடி, மிகச் சிறு தீயில் 45 நிமிடம். மேல்பக்கம் வெளிறியே இருக்கும். ஆறியதும் தோசைக் கல்லில் கவிழ்த்துச் சிவக்க வைத்துக்கொள்ளலாம்.

பாட்டியின் முறையில் இந்தக் குறை இல்லை. இரும்புச் சட்டியின் மூடிமேல் அடுப்புக் கரித்துண்டுகளை இடுக்கியால் எடுத்து வட்டமாக அடுக்குவார், நடுவில் கொஞ்சம், ஓரத்தில் அதிகம். கீழே கங்கு, மேலே கங்கு. மலாய்க்காரர்கள் ‘பாஹூலு’ கேக் சுட்ட பழைய முறையும் இதுதான். வெளியே விறகு மூட்ட இடம் இருந்தால் இன்றும் செய்யலாம். மூடியைத் தூக்கும்போது சாம்பல் உள்ளே விழாமல் நேராகத் தூக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு ரொட்டி எப்படி வந்தது?

கியா பார்மிலிருந்து கிளை பிரியும் சாலையில் போனால் சுங்கை பாலாஸ் தோட்டம். அதை நடத்தும் போ நிறுவனத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ல் தொடங்கினார். பாரத் தேயிலை 1933-ல் வந்தது. இந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள். சோறும் கஞ்சியும் களியும் தெரிந்த அந்த வீடுகளுக்கு ஓவன் ரொட்டி புதிது.

அது வந்து சேர்ந்ததற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, துரை பங்களாக்களும் விடுதிகளும். ஸ்மோக்ஹவுஸ் விடுதி போன்ற இடங்களின் ஆங்கிலச் சமையல்தான், இன்றும் கேமரன் மலைக்கு வருகிறவர்கள் ஸ்கோனும் ஜாமும் தேடி அலைவதற்கு வேர். எங்கள் பாட்டிக்கு ரொட்டி கைவந்தது பங்களாச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவிய காலத்தில். பார்த்தே கற்றுக்கொண்டது.

மற்றொன்று, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஹாரனை அமுக்கிக்கொண்டு லயன் வீடுகளுக்கு வந்த ரொட்டிக்காரர். கடை ரொட்டிகளில், பினாங்கில் தமிழ் முஸ்லிம்கள் நடத்திய பேக்கரிகளின் ‘ரொட்டி பெங்காலி’ நாடெங்கும் பெயர் பெற்றது. கடை ரொட்டி காசு கொடுத்து வாங்குவது. வீட்டு ரொட்டி ஓய்வுநாளில் சுடுவது. வேலைக்காட்டுக்குப் போகிற நாளில் மாவுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பது? ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டுமே எங்கள் வீட்டில் ரொட்டி. எல்லாரும் வீட்டில் இருக்கும் ஒரே நாளும் அதுதான்.

ரொட்டி வாசம் ஏன் பழையதைக் கிளறுகிறது?

மூக்கு நுகரும் செய்தி, மூளையில் நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. பார்த்ததும் கேட்டதும் முதலில் மூளையின் நடுவே ஒரு சந்திப்பைக் கடந்தாக வேண்டும். வாசத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் பெயர் நினைவுக்கு வருமுன்னே ஆள் நினைவுக்கு வந்துவிடுகிறார்.

ரொட்டிக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு? மேல் தோல் சிவக்கும்போது மாவின் சர்க்கரையும் புரதமும் கடும் சூட்டில் கலந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-ல் இந்த மாற்றத்தை விளக்கினார், அவர் பெயராலேயே அது மயார் வினை எனப்படுகிறது. அந்த மணப்பொருள்களில் முக்கியமான ஒன்று ‘2-அசிட்டைல்-1-பைரோலின்’. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் மூக்குக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான். பாஸ்மதி அரிசியின் மணமும் பாண்டான் இலையின் மணமும் இதே பொருளால் வருவதுதான்.

இதனால் உங்களுக்கு ஆவது என்ன? பாண்டான் இலை போட்டுச் சோறு வடித்த வீட்டில் வளர்ந்தவருக்கு, ரொட்டி சுடும் மணம் முதல் நாளே பழகியதுபோல் இருந்தால் அதில் வியப்பில்லை. அந்த மணம் நன்றாக வர வேண்டுமானால் ரொட்டியை வெளிறியபடி எடுக்காதீர்கள். மேல் தோல் தேன் நிறத்தைத் தாண்டி நல்ல பழுப்பாகட்டும். மணம் இருப்பது தோலில்தான்.

எதோடு சாப்பிடுவது?

பசியாறும் வேளைக்கு மார்ஜரின் தடவி மேலே சீனி தூவி, தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிடுவது பழைய தோட்டத்து வழக்கம். பருப்புக் கறி, டின் சார்டின் சம்பல், முந்தின நாள் கோழிக் கறியின் குழம்பு எல்லாமே ஒத்துப்போகும். எங்கள் வீட்டில் சண்டை குழம்புக்காக வராது, ஓரத் துண்டுக்காகத்தான் வரும். ஒரு ரொட்டிக்கு இரண்டு ஓரம்தானே.

கியா பார்மில் இருந்துகொண்டு கடை ஜாம் எதற்கு? சந்தையில் அடிபட்ட ஸ்ட்ராபெர்ரி மலிவாகக் கிடைக்கும். 500 கிராம் பழத்துக்கு 350 கிராம் சீனி, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. இங்கேயும் உயரம் கணக்கை மாற்றும். ஜாம் இறுகும் பதம் கடலோரத்தில் சுமார் 105 டிகிரி, இங்கே 100-க்குச் சற்று முன்னதாகவே வந்துவிடும். 105 வரை காய்ச்சினால் மிட்டாயாகிவிடும். வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள். சுருக்கம் விழுந்தால் இறக்கிவிடலாம்.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

கெடாமல் இருக்க எதுவும் கலக்காத ரொட்டி இது. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் இரண்டு, மூன்று நாள். குளிர்பெட்டியில் வைக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வேண்டாம். பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து மிக விரைவாக இறுகி ரொட்டி வறண்டு போகும். மூன்று நாளில் தீராது என்றால் துண்டு போட்டு உறைபெட்டியில் வையுங்கள். வேண்டும்போது எடுத்து நேரே கல்லில் வாட்டலாம்.

வறண்டதைத் தூக்கிப் போட வேண்டாம். முட்டையில் தோய்த்துப் பொரிக்கலாம், வெங்காயம் தாளித்து உப்புமா கிளறலாம், நெய்யும் பாலும் சேர்த்து அல்வா கிண்டலாம்.

பாட்டி செய்த அதே ரொட்டி வரவில்லையே?

பெரும்பாலும் காரணம் அளவில்தான் இருக்கும். கைப்பிடி, ஆழாக்கு, பால் டின் என்று அளந்தவர்களின் ரொட்டியைக் கிராமில் பிடிக்க ஒரு வழி உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையே ஒரு நாள் செய்யச் சொல்லுங்கள். மாவில் கை வைக்குமுன் எடை பார்க்கும் தராசை இடையில் நீட்டுங்கள். “அம்மா, அந்தக் கையை அப்படியே இதுல கொட்டுங்க” என்று கேட்டு, கைப்பிடி எத்தனை கிராம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாட்டியின் கைப்பிடியும் உங்கள் கைப்பிடியும் ஒன்றல்ல.

தண்ணீரை நேரடியாக அளக்க முடியாது, கண் பார்த்து ஊற்றுவார்கள். அதனால் செம்பை நிரப்பி எடை போட்டு வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மிச்சத்தை எடை போடுங்கள். வித்தியாசம்தான் ஊற்றியது.

எழுதும்போது நேரத்துக்கென்று ஓர் இடம் ஒதுக்காதீர்கள். அந்த இடத்தில் அவர்கள் பார்க்கும் அடையாளத்தை எழுதுங்கள்: விரல் குழி மெல்ல எழும்பினால், சட்டியின் பாதி கோட்டைத் தாண்டினால், தட்டினால் ஓசை வந்தால். சமையலறையின் வெப்பம் அன்று எத்தனை டிகிரி என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். அப்படி எழுதிய குறிப்பு, படிக்கப் போன மகளோ வேலைக்குப் போன மகனோ ஈப்போவில் இருந்து சுட்டாலும் சிங்கப்பூரில் இருந்து சுட்டாலும் செல்லும். அங்கே அதே அடையாளம் ஒரு மணி நேரத்தில் வரும், இங்கே இரண்டரை மணி நேரத்தில் வரும்.